வெள்ளிக்கிழமை எழுபத்திரண்டு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, உயிரியல் ஆய்வகத்தில் மிஸ் எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து நாடித்துடிப்பை எண்ணச் சொன்னார். பிளஸ் ஒன் சோதனைகளிலேயே எளிதானது இதுதான். கண்ணாடிக் குழாய் உடையாது, அமிலம் தெறிக்காது. எல்லோரும் சிரித்துக்கொண்டே கைகளை நீட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணும் வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை மேசைமேல் வைத்தாள். அவள் கையில் விடுதிச் சோப்பின் வாசம் அடித்தது. மாதத்துக்கு ஒன்று கொடுப்பார்களே, அந்தச் சிவப்புச் சோப்பு. நான் இரண்டு விரல்களை வைத்தேன். துடிப்பு உடனே கிடைத்தது. எண்ணத்தான் முடியவில்லை. பதினொன்று, பன்னிரண்டு வந்ததும் விட்டுப்போயிற்று. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் விட்டுப்போயிற்று.

"இன்னாடி, உயிரோடதான இருக்கேன்?" என்று அவள் கேட்டாள்.

அவளுக்கு உன்னைத் தெரியாது. இந்த வருடம்தான் செஞ்சியிலிருந்து வந்து சேர்ந்தவள். நான் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். அன்றைக்கே உனக்கு எழுதலாம் என்று நோட்டை எடுத்தேன். ஆனால் உனக்கு எழுதுவதற்கு முன் வேறொருவரிடம் போய் வாயால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் உனக்கு எதை எழுதினாலும் அதுவும் ஒரு ரெக்கார்டு நோட்டாகத்தான் இருந்திருக்கும்.

பத்தாம் வகுப்பின் ஜூன் மாதத்திலிருந்து தொடங்குகிறேன். திண்டிவனம் விடுதியில் உன் பாயும் என் பாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நீ ஐந்து மணிக்கு எழுந்து ஏரிக்கரைக்கு ஓடப் போவாய். நான் ஐந்து மணிக்கு எழுந்து படிப்பேன். அதனால் அந்த அறையில் நம் இருவரையும் யாருக்கும் பிடிக்காது. கிளை நூலகத்தில் உடற்பயிற்சியும் உடலியங்கியலும் பற்றிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தபோது, அதை நான் உனக்காக எடுக்கவில்லை. அறிவியல் கண்காட்சிக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. இதயமும் ஒரு தசைதான், பயிற்சி செய்யச் செய்ய ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும், அதனால் ஓய்வாக இருக்கும்போது முன்பைவிடக் குறைவாகத் துடித்தாலே போதும் என்று அதில் இருந்தது. நான் பாயில் படுத்திருந்த உன்னை எட்டிப் பார்த்தேன். தலைப்பு பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

காலையில் நீ எழுந்திருக்கும் முன், படுத்தபடியே ஒரு நிமிடம் உன் நாடியை எண்ண வேண்டும், தினமும் எண்ண வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன்.

"எதுக்கு?"

"ஓட ஓட உன் நெஞ்சு மெதுவா அடிக்கும். அத நிரூபிக்கணும்."

"அப்ப என் நெஞ்சு சோம்பேறி ஆவுதுன்னு ஊருக்கே சொல்லப் போற."

"சோம்பேறி இல்லடி. கெட்டிக்காரி ஆவுது."

"என்னவிட அது கெட்டிக்காரின்னு சொல்லு, ஒத்துக்கறேன்," என்றாய். பிறகு பேரம் பேசினாய். அசையாமல் படுத்திருப்பதற்கு, வாரத்தில் ஒரு நாள் என் முட்டை உனக்கு. விடுதி முட்டை மிகச் சிறியது. நான் உடனே சம்மதித்தேன்.

அப்படித்தான் உனக்கு நான் 'நோட்டு' ஆனேன். "நோட்டு, ஜல்தி எண்ணு, வெளிய போவணும்," என்பாய். எண்ணும்போது வேண்டுமென்றே மூச்சைப் பிடித்து என்னைக் குழப்புவாய். பி.டி. சார் விசில் ஊதுவதைப் போல மூக்கால் ஒலி எழுப்பி அறையையே எழுப்பிவிடுவாய். எண்ணி முடித்ததும் ஒவ்வொரு நாளும் கேட்பாய், "இன்னிக்கி எவ்ளோ?" நான் சொல்வேன். எழுபத்தாறு. எழுபத்து நான்கு. ஜூலை முடிவதற்குள் எழுபதுக்குக் கீழே வந்துவிட்டது. ஆகஸ்டில் அறுபத்து நான்கு. எண் குறையக் குறைய நீ அதை மதிப்பெண் மாதிரி பார்க்கத் தொடங்கினாய். அறுபத்திரண்டு வந்த அன்று, சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாய். கணக்கில் நீ ஒருபோதும் அவ்வளவு வாங்கியதில்லை என்று யாரோ சொல்ல, நீயும் சேர்ந்து சிரித்தாய்.

பி.டி. சாரும் நம்பத் தொடங்கினார். அவர் உனக்கு ஒரு நாள் கடினமான ஓட்டம், மறுநாள் இலகுவான ஓட்டம் என்று கொடுப்பார். முதலில் என் நோட்டைப் பார்த்து, "இன்னாம்மா, ஜோசியம் பாக்கறியா?" என்று கேலி செய்தவர், செப்டம்பரில் மைதானத்துக்கு வந்ததுமே "நோட்டு, இன்னிக்கி எவ்ளோ?" என்று உன் குரலிலேயே கேட்டார். விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி நடக்கவிருந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் உன்னை விளையாட்டு விடுதியில் சேர்த்துவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அங்கே தினமும் முட்டை உண்டு என்பதைத்தான் நீ முதலில் விசாரித்தாய்.

இனி நான் எழுதப்போவது எனக்குக் கடினமானது.

நம் பள்ளியில் எல்லோரிடமும் இரண்டு நோட்டுகள் இருக்கும். ஆய்வகத்தில் கண்டதை அப்படியே குறிக்கும் ரஃப் நோட்டு ஒன்று. அதைப் பார்த்து, அழகான கையெழுத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதும் ரெக்கார்டு நோட்டு இன்னொன்று. ரெக்கார்டுக்குத்தான் மதிப்பெண். வரைபடத்தில் ஐந்து புள்ளிகளில் ஒன்று கோட்டைவிட்டு வெளியே போனால், ரெக்கார்டில் எழுதும்போது அதைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவோம். எல்லோரும் செய்வோம். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. நம் கை தவறியிருக்கும், மீட்டர் பழசு, விடை என்னவோ புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்று நினைப்போம். வகுப்பிலேயே அழகான ரெக்கார்டு என்னுடையது. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

உன் நாடிக்கும் நான் இரண்டு நோட்டு வைத்திருந்தேன்.

போட்டி ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய வாரம் வியாழக்கிழமை உன் எண் அறுபது. அன்று மாலையே சார்ட் அட்டையில் வரைபடத்தை முடித்துவிட்டேன். எழுபத்தாறில் தொடங்கி அறுபது வரை, பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வழுவழுப்பாக இறங்கும் ஒரு கோடு. கீழே முடிவையும் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளிக் கண்காட்சி. அதில் தேர்வானால் மாவட்டக் கண்காட்சிக்கு நானும் விழுப்புரம் போவேன். கடைசி நாட்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எழுபத்திரண்டு வந்தது. அந்த வாரம் விடுதியில் பாதிப் பேருக்குச் சளி. நீயும் இருமிக்கொண்டிருந்தாய். நான் மறுபடி எண்ணினேன். மறுபடியும் எழுபத்திரண்டு. ரஃப் நோட்டில் எழுதினேன். நீ கண்ணைத் திறக்காமலே கேட்டாய், "இன்னிக்கி எவ்ளோ?"

"அறுபது," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இந்த ஒரு வருடமும் யோசித்துவிட்டேன். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொன்னதாக எனக்கே பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. அந்த நிமிடத்தில் என் மனதில் இருந்தது பச்சைக் கோடு மட்டும்தான். எழுபத்திரண்டு தப்பு, அறுபது சரி என்று நினைத்தேன். உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே அப்படி நினைத்தேன்.

சனிக்கிழமை எழுபத்து நான்கு. உன்னிடம் அறுபது என்றேன். அன்று மதியம் நீ ஊருக்குப் போனாய். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்ததும் விடுதியில் பாயை விரித்துச் சுருண்டு படுத்துக்கொண்டாய். முந்தின நாள் அம்மாவோடு கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியதாகவும், கடலைச் செடியை இழுத்து இழுத்துக் கை காலெல்லாம் விட்டுப்போனதாகவும் சொன்னாய். அரைமணி நேரம் கழித்து எண்ணினேன். எண்பத்திரண்டு. கண்காட்சிக்கு அட்டையைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன். "அறுபத்தொண்ணு," என்றேன். கொஞ்சம் மாற்றிச் சொன்னால் உண்மை போலிருக்கும் என்று அப்போதே தெரிந்திருந்தது எனக்கு.

செவ்வாய்க்கிழமை மாலை மைதானத்தில் நீ பி.டி. சாரிடம் போய் நின்றாய். "சார், முடியல சார். படுத்துக்கினு இருந்தாக்கூட நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிது. பேஜாரா இருக்கு."

அவர் உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். லேசாகத்தான் சுட்டது போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினார். "இன்னிக்கி எவ்ளோ, நோட்டு?"

எண்பத்து நான்கு. "அறுபது சார்."

"கேட்டியா? அறுபது. நாளைக்கிப் போட்டிய வெச்சிக்கினு இருக்கறப்ப எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும். பயம். வேற ஒண்ணுமில்ல, போய்த் தூங்கு."

நீ என்னைப் பார்த்தாய். சந்தேகத்தோடு பார்த்திருந்தால்கூட எனக்கு இப்போது கொஞ்சம் தேவலையாக இருக்கும். நிம்மதியோடு பார்த்தாய். திரும்பி நடக்கும்போது, "அறுபதுன்னா எனக்கு ஒண்ணுமில்லடி. சோம்பேறித்தனம்தான் போல," என்றாய். உன் உடம்பு உன்னிடம் சொன்னதைவிட நான் சொன்னதை நம்பினாய்.

விழுப்புரத்தில் அன்று வெயில் அதிகமில்லை. உனக்குத் தண்ணீர் பாட்டிலும் துண்டும் பிடித்துக்கொள்ள என்னையும் சார் அழைத்துப் போயிருந்தார். முதல் இரண்டு சுற்றும் நீ முன்னால் ஓடியவர்களோடுதான் ஓடினாய். மூன்றாவது சுற்றில் உன் தோள்கள் மேலே ஏறின. கைகளை வீசவில்லை, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாய். ஆறாவதாக முடித்தாய். கோட்டைத் தாண்டி நாலு எட்டு நடந்து, புல்லில் உட்கார்ந்தாய். உதடு வெளுத்திருந்தது. நான் ஓடி வந்ததும் சிரித்தாய்.

"நோட்டு, அறுபதுல இவ்ளோதான் ஓடும் போலடி."

உன் மணிக்கட்டைப் பிடித்தேன். பத்து நிமிடம் கழித்தும் அது ஓட்டத்தில்தான் இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். சார் குளுக்கோஸ் கரைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், மூடிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். மயிலம் தாண்டும்வரை உன் துடிப்பு என் தோளுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணினால் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை உன்னை ஊருக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ இல்லை. காய்ச்சலின் கிருமி இதயத்தின் தசையையே தாக்கிவிட்டது, அந்த நிலையில் ஓடியிருக்கவே கூடாது, படுத்து ஓய்வெடுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் பி.டி. சாரிடம் சொன்னாராம். ஓய்வெடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று சார் கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். அந்தப் பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன். இனி உன்னிடம் எதையும் விட்டு எழுத மாட்டேன்.

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தபோது அதைப் பிரித்தேன். முன்னுரைக்கு வேண்டிய பத்தியை எழுதிக்கொண்டபின் நான் பக்கத்தையே திருப்பியிருக்கவில்லை. அடுத்த பக்கத்தில் இருந்தது: காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட அதிகமாகி இரண்டு மூன்று நாள் அப்படியே இருந்தால், உடல் களைப்பிலிருந்து மீளவில்லை அல்லது நோய் வருகிறது என்று பொருள், பயிற்சியை நிறுத்த வேண்டும். காலையில் நாடியை எண்ணுவதே முக்கியமாக அதற்காகத்தானாம். நான் மூன்று மாதம் அதைக் கண்காட்சிக்காக எண்ணிக்கொண்டிருந்தேன். என் அட்டைக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருந்தது.

உன் கருமாதிக்கு நம் அறையிலிருந்து எல்லோரும் வந்தோம். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தார். "நான்தான் கெடுத்தேன். ஞாயித்துக்கெழம ஒரு நாளு படுத்திருக்க வேண்டிய புள்ளய, வெயில்ல மல்லாட்ட புடுங்க இட்டுக்கினு போனேன். ஒரு வரிச புடுங்கிட்டு உக்காந்துட்டா. எழுந்திருடி, ஓட்டக்காரின்னு பேரு, இது முடியலயான்னு கேட்டேன். எழுந்து வந்தா. அதுலதான் வந்துச்சு காய்ச்ச."

எல்லோரும் "அப்பிடிலாம் இல்லம்மா" என்றார்கள். யாருக்கும் அது இல்லை என்று தெரிந்து சொல்லவில்லை. ஆறுதலுக்குச் சொன்னார்கள். அது உன் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அங்கே தெரிந்து சொல்லக்கூடியவள் ஒருத்திதான். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் என்ன வந்தது என்பது என் ரஃப் நோட்டில் மட்டும்தான் இருந்தது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னால் அறுபதையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அதன் பிறகு உன் அம்மா களையெடுக்கப் போகிறார், நாற்று நடப் போகிறார், மல்லாட்டைக் கொல்லைக்கு மட்டும் போவதில்லை என்று பி.டி. சார் சொன்னார். பிரம்மதேசம் பக்கம்தான் அவர் வீடு, தினமும் உங்கள் ஊர் வழியாகத்தான் வண்டியில் வருவார். கூப்பிட வந்தவர்களிடம் உன் அம்மா, அந்தச் செடியை இனித் தொட மாட்டேன் என்றாராம். இதைக் கேட்டும் நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினேன், நல்ல மதிப்பெண் வாங்கினேன், பிளஸ் ஒன் சேர்ந்தேன்.

ஆய்வகத்தில் எண்ண முடியாமல் போன அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை உன் ஊருக்குப் போனேன். உன் அம்மா வீட்டு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வா பாப்பா," என்று ஒரு சாக்கை விரித்தார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. நின்றுகொண்டே ரஃப் நோட்டைத் திறந்தேன்.

"அம்மா, நான் அவளுக்கு தெனம் நாடி எண்ணுவேன். வியாழக்கெழம அறுபதுங்க. வெள்ளிக்கெழம எழுபத்திரெண்டு. சனிக்கெழம எழுபத்தி நாலு. அவ இங்க வர்றதுக்கு முன்னாடியே ஏறிடுச்சுங்க. காய்ச்ச அப்பவே உள்ள வந்துடுச்சு. மல்லாட்டையால வரலங்க."

உன் அம்மாவின் கை கீரையிலேயே நின்றது. "வெள்ளிக்கெழமையேவா?"

"ஆமாங்க."

"நான் கூப்புடறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியேங்க. ஆனா வெயில்ல வேல செஞ்சதுல அதிகமாச்சான்னு எனக்குத் தெரியாதுங்க. வந்தது முன்னாடி. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டார். தேதியோடு சொன்னேன். அவர் முகத்தில் என்னவோ தளர்ந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். ஒரு வருடமாக அழுததைப் போல் அது இல்லை. அதோடு நான் கிளம்பியிருக்கலாம். அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியுங்க."

"அவளுக்கு?"

"அவளுக்குச் சொல்லலங்க. அறுபதுன்னு சொன்னேன். சாருக்கும் அறுபதுன்னுதான் சொன்னேன். என் நோட்டு அழகா இருக்கணும்னு."

உன் அம்மா ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நான் சொன்னா கேக்க மாட்டா அவ. நீ சொன்னா கேப்பா. வாரா வாரம் வந்து நோட்டு அத சொன்னா, நோட்டு இத சொன்னான்னுதான் பேசுவா." பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் வெளியே வரவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை பி.டி. சாரிடமும் சொன்னேன். அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நான் நெத்தியத் தொட்டுப் பாத்தேன்மா. சுட்டுது. உன் நோட்டு வேற சொன்னதும் என் கைய நம்பாம போய்ட்டேன்," என்றார். இப்போது ஓடுகிற பெண்களுக்கு நாடி எண்ணச் சொல்லி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டாலும் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாது.

நேற்று அவர்தான் மைதான ஓரத்தில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். காலையில் வரும்போது உன் அம்மாவைப் பார்த்தாராம். மற்றப் பெண்களோடு மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாராம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் வைத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். ஒரே எண்தான். ஒரு வருடம் கழித்து அதைச் சொன்னபோது உன் அம்மா எழுந்து வேலைக்குப் போனார். அந்த வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் நீ படுத்திருப்பாய்.